விழும் என்றாள் ஷர்மி

உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. என் மனைவி புஷ்பா சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாய்க்குட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். குட்டி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதன் இடது காது பாதி எழும்பி நடுவில் மடங்கியிருந்தது. வலது காது நனைந்த அப்பளம் மாதிரி கன்னத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"டேய், இங்க பாருடா," என்று நாக்கைச் சொடுக்கினாள். குட்டி தலையைச் சாய்த்துப் பார்த்தது. படம் நன்றாக வந்தது.

குட்டியைக் கொண்டுவந்து கொடுத்த நண்பன் ஜோசப்புக்குத்தான் அதை அனுப்ப நினைத்தாள். "இவன் காது நிக்குமா, விழுமா?" என்று படத்துக்குக் கீழே எழுதினாள். கண்ணாடி போடாமல் அழுத்தியதில் விரல் வேறொரு பெயரில் பட்டுவிட்டது. படம் எங்கள் மகள் ஷர்மிளாவுக்குப் போய்விட்டது.

ஷர்மி எங்களோடு பேசி அப்போது மூன்று தீபாவளி ஆகியிருந்தது.

"ஐயோ, மாத்தி அனுப்பிட்டேங்க. இத எப்படி அழிக்கிறது?" என்று ஃபோனை என்னிடம் நீட்டினாள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்குவதற்குள் அது அதிர்ந்தது.

ஒரே ஒரு சொல் வந்திருந்தது. "விழும்."

புஷ்பா எழுந்து அடுப்பை அணைத்தாள். எதற்கு அணைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அன்று மத்தியானம் பாதி வெந்த சோற்றைத்தான் இரண்டு பேரும் மென்று விழுங்கினோம்.

ஒரே ஊர்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு ஷர்மியைத் தெரியும். இந்த வாரம்தான் முதல் முறை இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவரோடு வாழ முடியவில்லை என்று ஒரு நாள் பையோடு வந்து நின்றாள். கொஞ்சம் பொறுத்துப் போகச் சொன்னோம். வந்த லிஃப்டிலேயே இறங்கிப் போய்விட்டாள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத இந்த வாரம் எனக்குத் தெம்பில்லை.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரின் வடகோடியில், மார்சிலிங்கில். அவள் விவாகரத்து வாங்கிவிட்டதாகவும், கிழக்கே சாங்கிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு அங்கேயே வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருப்பதாகவும் கேள்விப்பட்டோம். ரயிலில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும் தூரம்தான்.

இந்த ஊரில் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறவர்களெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார்கள். என்னை ஓயாமல் திட்டிய பழைய சூப்பர்வைசரைத் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது பார்த்திருக்கிறேன். ஷர்மியின் முன்னாள் மாமியாரை சிராங்கூன் சாலைக் கோவில் வாசலில் பூ வாங்கும்போது பார்த்திருக்கிறேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். மகள் மட்டும் எந்த ரயிலிலும், எந்தக் கடையிலும், எந்தக் கல்யாண மண்டபத்திலும் எதிரே வரவில்லை.

தீபாவளிக்கும், பொங்கலுக்கும், அவள் பிறந்த நாளுக்கும் புஷ்பா மெசேஜ் அனுப்புவாள். இரண்டு நீல டிக் விழும். பதில் வராது. "படிச்சிட்டா. அது போதும்," என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள்.

துவாஸ்காரன்

ஜோசப்பும் நானும் சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நான் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட இளையவனான அவன் இப்போது மேற்குக் கோடியில், துவாஸில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். அந்தக் கிடங்கின் பின்பக்கம், காலிக் கன்டெய்னருக்கு அடியில், ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. நாய்களைப் பராமரிக்கும் தொண்டர்கள் வந்து தாயையும் மற்றக் குட்டிகளையும் கொண்டுபோனார்கள். ஒன்றை மட்டும் ஜோசப் எங்களுக்கென்று கேட்டு நிறுத்திவைத்தான். மருத்துவர், ஊசி, உரிமம், அடுக்குமாடி வீட்டில் வளர்க்க அனுமதி எல்லாம் அவனே அலைந்து முடித்தான். எங்களிடம் கேட்கவே இல்லை. ஒரு நாள் அட்டைப்பெட்டியோடு வந்துவிட்டான்.

"எதுக்கு ஜோசப் இதெல்லாம்?" என்றேன்.

"அண்ணே, நீங்களும் அக்காவும் ஒரு நாளைக்கு எத்தன வார்த்த பேசிக்கிறீங்க? டிவிதான் பேசுது இந்த வீட்டுல," என்றான். "வச்சுக்குங்க லா. சத்தமாவது இருக்கும்."

"பெருசா வளருமா? காது எப்படி வரும்?" என்று புஷ்பா கேட்டாள்.

"அம்மாக்காரிக்கு ரெண்டும் நேரா நிக்கும்க்கா. அப்பன் யாருன்னு யாருக்குத் தெரியும்?"

நாய்க் காது எனக்குப் புதிதில்லை. சரக்குப் பிரிவில் உயிருள்ள சரக்கும் வரும். மீன், குஞ்சுக் கோழி, ஒரு தடவை குதிரைகூட வந்தது. நாய்கள்தான் அதிகம். எந்த ஜாதி நாயாக இருந்தாலும், விமானத்திலிருந்து இறக்கும்போது அதன் காது பின்பக்கம் மண்டையோடு ஒட்டியிருக்கும். பயம். அவ்வளவு நேரம் இருட்டில் இரைச்சலில் கிடந்து வருகிறது அல்லவா? பெட்டியின் கம்பி வழியாகப் புறங்கையைக் காட்டிக்கொண்டு ஏதாவது பேசுவேன். அவை கேட்டுப் பழகியது என்ன பாஷையோ, நான் தமிழில்தான் பேசுவேன். "வந்துட்ட, அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு," என்பேன். மெல்ல மெல்லக் காது முன்பக்கம் திரும்பும். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். வீட்டில் சொல்லியிருக்கிறேன். சின்ன வயசில் ஷர்மி அந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். அவள் நாய் வேண்டும் என்று கேட்டபோதெல்லாம், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், யார் பார்ப்பது என்று சொல்லி மீன்தொட்டி வாங்கிக் கொடுத்தோம்.

காது மட்டும்

"விழும்" என்று வந்த அன்று முழுக்கப் புஷ்பா என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். எழுதுவாள், அழிப்பாள். கடைசியில் சாயங்காலம், "நிக்கும்னு நான் சொல்றேன். பாக்கலாமா?" என்று அனுப்பினாள்.

"பாக்கலாம்," என்று வந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குட்டியைக் குளிப்பாட்டித் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு படம் எடுப்பாள். சில நிமிஷத்தில் பதில் வரும். "லெஃப்ட் டவுட்டு. ரைட் சான்ஸே இல்ல." "நடுவுல மடிப்பு இருக்கு பாருங்க. விழும்." ஒரு தடவை அவளாகவே கேட்டாள்: "எந்தப் பக்கம் சாஞ்சு தூங்குது? அந்தக் காதுதான் மடங்கும்." புஷ்பா அந்த வாரம் முழுவதும் அது தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

எங்கள் வீட்டில் பேச்சு வந்துவிட்டது. ஜோசப் சொன்னது சரிதான். ஆனால் பேசியதெல்லாம் காதைப் பற்றித்தான். காலையில் எழுந்தால் நான் முதலில் போய்ப் பார்ப்பது குட்டியின் காதை. மெல்லிய தோல், உள்பக்கம் ரோஜா நிறம், அடியில் மட்டும் கொஞ்சம் தடித்த குருத்தெலும்பு. விரலால் தொட்டால் சூடாக இருக்கும்.

ஒரு ஞாயிறு, ஆசை மிகுந்து, புஷ்பா படத்தோடு சேர்த்து எழுதினாள்: "நீ நல்லா சாப்பிடுறியாம்மா? ஒரு நாள் வந்து நேர்லயே பாரேன்."

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அடுத்த ஞாயிறு அனுப்பிய படத்துக்கும் பதில் இல்லை. அதற்கடுத்த வாரம் வேறு எதுவும் எழுதாமல், "இப்ப சொல்லு" என்று மட்டும் அனுப்பினாள். "விழும்" என்று உடனே வந்தது.

எங்களுக்குப் புரிந்துவிட்டது. காதைப் பற்றிப் பேசலாம். அதைத் தாண்டக் கூடாது.

நானும் ஒரு தடவை என் ஃபோனிலிருந்து படம் அனுப்பிப் பார்த்தேன். அம்மா ஃபோனுக்குத்தான் பதில் போயிற்று. குட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம், நீயே சொல் என்று புஷ்பா கேட்டதற்கும் பதில் வரவில்லை. என்றைக்காவது சொல்லுவாள் என்று நாங்கள் வேறு பெயர் வைக்காமல் காத்திருந்தோம். இன்றைக்கு அது என் முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. இன்னமும் பெயர் குட்டிதான்.

பல் விழுந்தபோது

தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவரிடம் காதைப் பற்றிக் கேட்டேன். சின்ன வயசுச் சீனப் பெண். பொறுமையாக ஆங்கிலத்தில் சொன்னார். கலப்பினக் குட்டிக்கு யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும்போது நின்ற காதுகூட விழும், அதெல்லாம் முடிந்த பிறகு எப்படி இருக்கிறதோ அப்படியே நிலைத்துவிடும் என்றார்.

"அதுக்கு எவ்வளவு நாளாகும் டாக்டர்?" என்றாள் புஷ்பா.

"இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆன்ட்டி. கவலப்படாதீங்க, சீக்கிரம் தெரிஞ்சிடும்."

"கொஞ்சம் தள்ளிப் போக ஏதாச்சும் மருந்து இருக்கா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து மருத்துவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை தேக்கா சந்தையில் கோழிக் கடைக்காரரிடம் குட்டிக்கென்று கோழிக்கால் வாங்க நின்றோம். நாய்க்கா என்று விசாரித்தவர், "நல்லா வேகவச்சு சூப்பு குடுங்கக்கா. காது ஜம்முனு நிக்கும், என் மச்சான் வீட்டுல அப்படித்தான்," என்றார். பையில் போட்டதைப் புஷ்பா எடுத்து அவர் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள். "வேணாங்க. நெஞ்சுக்கறியே குடுங்க," என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

பல் விழத் தொடங்கியது. சோபாவுக்கு அடியில் அரிசி மாதிரி ஒரு பல் கிடந்தது. சொன்னபடியே பாதி எழும்பியிருந்த காதும் விழுந்தது. இரண்டும் சேர்ந்து தொங்க, குட்டி மழையில் நனைந்த கிழவன் மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்தப் படம் போனதும் ஷர்மியிடமிருந்து வந்தது: "ஹா ஹா. நான் அப்பவே சொன்னேன்ல!"

புஷ்பா அந்த "ஹா ஹா"வை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஷர்மி சிரிப்பதுபோலவே படித்துக் காட்டினாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அந்தச் சில வாரங்கள்தான் எங்களுக்கு நல்ல வாரங்கள். விழுந்த காது எழும்பலாம், எழும்பாமலும் போகலாம். எழுத ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது.

என் விரல்

வலது காதுதான் முதலில் நின்றது. சான்ஸே இல்லை என்று ஷர்மி சொன்ன அதே காது. அதற்கு மட்டும் இரண்டு ஞாயிறு ஓடியது. "ஐயோ, எப்படி?" என்று ஒரு தடவை. "லெஃப்ட் இருக்குல்ல, பாப்போம்," என்று மறு தடவை.

பிறகு ஒரு நாள் காலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே குட்டியை நடத்திக்கொண்டுபோனேன். புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக் குட்டி திரும்பி நின்றது. இடது காதும் விறைப்பாக எழுந்து நின்றது. சத்தம் நின்ற பிறகும் இறங்கவில்லை. கையால் அழுத்தி மடித்துப் பார்த்தேன். விட்டவுடன் நிமிர்ந்துகொண்டது.

சின்ன வயசுச் சீனப் பையன்கள் இரண்டு பேர் பள்ளிக்குப் போகிற வழியில் நின்று, "அங்கிள், சோ ஹேண்ட்சம்!" என்று கட்டைவிரலைக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. அங்கே கிடந்த கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். குட்டி என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் புஷ்பா பார்த்துவிட்டாள்.

"சாயங்காலம் விழுந்துடும்," என்றாள்.

விழவில்லை. அந்த ஞாயிறு சன்னலுக்குப் பக்கத்தில் குட்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு சொன்னாள்: "பின்னால உக்காந்துக்கிட்டு அந்த இடது காத லேசா மடிச்சுப் புடிங்க. கை தெரியக்கூடாது."

 போய் உட்கார்ந்து பிடித்தேன். குட்டி என் மணிக்கட்டை நக்கியது. "இன்னும் அப்படியேதான் இருக்கு," என்று எழுதி அனுப்பினாள். "அப்ப ஒண்ணு நின்னு ஒண்ணு விழும்போல. டிரா," என்று வந்தது. எங்களுக்கு அது இனித்தது.

இப்படியே சில வாரம் ஓட்டினோம். காது நாளுக்கு நாள் கெட்டியானது. மடித்துப் பிடிக்க வலு வேண்டியிருந்தது. குட்டிக்கும் பிடிக்கவில்லை, தலையை உதறும். ஒரு ஞாயிறு அது உதறிய நேரத்தில் படம் விழுந்திருக்கிறது. நாங்கள் கவனிக்கவில்லை.

பதில் வர அன்று தாமதமானது. மூன்று மெசேஜ், ஒன்றன்பின் ஒன்றாக.

"அது அப்பா விரல்."

"காது நின்னு ரொம்ப நாளாச்சு போல."

"ஓகே. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

சரக்குப் பெட்டியில் நசுங்கி நகமில்லாமல் போன ஆள்காட்டி விரல் என்னுடையது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் நுனி மட்டும் தெரிந்தது.

கோபமாக நாலு வார்த்தை எழுதியிருந்தால்கூடத் தேவலை. புஷ்பா என்னென்னமோ எழுதினாள். "இல்லம்மா, நீதான் ஜெயிச்ச." "சும்மா விளையாட்டுக்குப் புடிச்சோம்." "வலது காது மறுபடி விழுற மாதிரி இருக்கு." முதல் இரண்டுக்கும் நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு அனுப்பியது எதற்கும் ஒற்றை டிக்குக்கு மேல் விழவில்லை. எங்களை பிளாக் பண்ணிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டோம்.

சாங்கிக்குப் போனது

ஒரு மாதம் பொறுத்தோம். பிறகு நான் மட்டும் கிளம்பிச் சாங்கிக்குப் போனேன். புஷ்பா வருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஷர்மி வேலை செய்வதாகச் சொல்லப்பட்ட அலுவலகத்தின் பெயரை ஜோசப் யார் யாரிடமோ விசாரித்துக் கொடுத்திருந்தான். நான் வருஷக்கணக்காக வேலைக்குப் போய்வந்த அதே பஸ்ஸில் போய் இறங்கினேன்.

வரவேற்பில் இருந்த மலாய்ப் பெண் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசினாள். "ஷர்மிளா வேலைய விட்டுட்டாங்க அங்கிள். கொஞ்ச நாளாச்சு."

"எங்க போயிருக்கான்னு..."

"அது தெரியாது அங்கிள். நீங்க அவங்களுக்கு யாரு?"

"தெரிஞ்சவங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்பா என்று சொன்னால், அப்பாவுக்கே தெரியாதா என்று அந்தப் பெண் நினைத்துவிடுவாள் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

வீட்டுக்கு வந்து, "வேலைய விட்டுட்டாளாம்," என்றேன். புஷ்பா தலையாட்டினாள். குட்டி வாசல் இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு காதையும் நிமிர்த்திக்கொண்டு வாலை ஆட்டியது. அன்றைக்கு அதன் மூஞ்சியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பாவம், அது என்ன செய்யும்?

நல்ல நாய்

புஷ்பா நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டு, சன்னல் வெளிச்சம், ஒரு படம். கேள்வி எதுவும் எழுத மாட்டாள். ஒற்றை டிக். பல மாதங்கள் அப்படியே போயின.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு நான் கழிவறையில் இருந்தபோது கதவைத் தட்டினாள். "என்னங்க, வாங்க, சீக்கிரம் வாங்க. ரெண்டு டிக் விழுந்திருக்கு. நீலம்! பாத்துட்டா!"

வெளியே வந்தேன். ஃபோனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கம் யாரோ எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. நிற்கும், மறுபடி எழுதும். புஷ்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

ஆங்கிலத்தில் வந்தது. மன்னிக்கவும், தவறான எண் என்று நினைக்கிறேன், இந்த எண்ணை நான் இப்போதுதான் புதிதாக வாங்கினேன், நல்ல நாய்.

புஷ்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். "சாரி சார்" என்று எழுதி அனுப்பினாள். பரவாயில்லை என்பதுபோல் ஒரு கட்டைவிரல் வந்தது.

"அப்ப அவ நம்மள பிளாக் பண்ணலங்க," என்றாள். "நம்பரத்தான் விட்டுட்டா."

"ஆமா," என்றேன்.

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சீனப் பெரியவரின் படம் இருக்கிறது. தொப்பி போட்டுக்கொண்டு, படகில் நின்று, ஒரு பெரிய மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். பெயர் மட்டும் ஷர்மி என்றுதான் இருக்கிறது. நேற்று அதைப் பார்த்துவிட்டு, பெயரை எடுத்துவிடட்டுமா என்று புஷ்பாவிடம் கேட்டேன்.

ஃபோனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எடுத்துட்டா, மேல இருக்கிற பழைய மெசேஜெல்லாம் யாரு அனுப்பினதா ஆகும்?" என்றாள்.